மாப்பிள்ளையைப் பற்றி அம்மன் சொன்ன வாக்கு

இருபத்தெட்டு வயதில் சிலருக்குப் பக்தி பிடிக்கும், சிலருக்கு எழுத்துப் பிடிக்கும். எனக்கு இரண்டும் ஒன்றாகப் பிடித்தன. இரண்டையும் ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று நினைத்து நான் ஒரு காரியம் செய்தேன். அதன் பிறகு இன்றுவரை என் வீட்டில் நான் சொல்லும் எதையும் ஒருவரும் நேராக நம்புவதில்லை.

அப்போது திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எனக்குக் கோப்பு எழுதும் வேலை. என் மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் துறைமுகம். கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்தபடி, வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம் என்று நாள் முழுவதும் யோசிப்பேன். (சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.) பக்கத்து மேசையில் கிண்ணியாவிலிருந்து வரும் நிஸ்தார். அதே ஜன்னலால் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் காத்துச் சரியில்ல மச்சான், நாளைக்கு மீன் வெல கூடும்" என்பான். அவன் சொன்னது பெரும்பாலும் நடக்கும்.

நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கடவுளைத் தேடிப் போகும் ஒருவனின் கதை. மூன்று வருடத்தில் மூன்று பக்கம் ஆகியிருந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் என் கதாநாயகன் மூலஸ்தானத்தின் முன் நின்று கண்ணை மூடுகிறான். நாலாம் பக்கத்தில் அவன் கண்டது என்ன என்று வரவேண்டும். நானே காணாததை அவனுக்கு எப்படிக் காட்டுவது? அங்கேயே இறுகிப்போய் நின்றேன்.

இந்த நிலைமையில்தான் தரகர் சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் சுமதி, முன்பள்ளி ஆசிரியை. தகப்பன் தில்லையம்பலம், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஊரில் ஒரு சொல்லுக்கு நிற்கும் மனிதர். சாதகம் பொருந்தியது. தொலைபேசியில் கதைக்க அனுமதி கிடைத்தது. முதல் நாளே நான் நாவலைப் பற்றி முக்கால் மணித்தியாலம் விடாமல் அளந்தேன். நித்திரையாகியிருப்பாள் என்று நினைத்து நிறுத்தியபோது மறுபக்கத்தில் குரல் வந்தது.

"பேந்து, நாலாம் பக்கத்தில என்ன நடக்கும்?"

அதுவரை என் அம்மா உட்பட ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். இனித் தகப்பன் என்னைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட முதல், கோயிலில் வைத்துப் பெடியனைத் தள்ளி நின்று ஒருதரம் பார்த்துக்கொள்வது உண்டு. பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் வெட்கக்கேடு இல்லை. கடற்கரை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலன்று மத்தியானப் பூசைக்கு வருவதாக அவர் தரகரிடம் சொல்லியனுப்பினார். அவர் என்னைக் கண்டது தரகர் கொண்டுபோன புகைப்படத்தில் மட்டும்தான். அதில் நான் ஸ்டூடியோக்காரரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவருடைய பூச்சாடியில் கை வைத்தபடி நிற்பேன்.

நான் அந்தப் பொங்கலுக்காக ஏழு நாள் விரதம் பிடித்தேன். பாதி பக்தி, பாதி மாமனாருக்காக. விரதத்தின் ஐந்தாம் நாள் உப்புவெளிக் கடற்கரையில் யான் என்ற வெள்ளைக்காரனைச் சந்தித்தேன். காலையில் யோகாசனம், மாலையில் கடலைப் பார்த்து மௌனம் என்று இருந்தவன். தான் ஒரு காளானுக்குள் கடவுளைக் கண்டதாகச் சொன்னான். என் நாலாம் பக்கத்தின் சிக்கலைச் சொன்னேன். மிகவும் இரக்கப்பட்டு, காய்ந்த காளான் துண்டுகளை ஒரு நெருப்புப்பெட்டியில் போட்டுத் தந்தான். பார்வைக்குக் கருவாட்டுத் துண்டு மாதிரி இருந்தது.

நிஸ்தாரிடம் காட்டினேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"வேணாம் மச்சான். நான் வருசா வருசம் முப்பது நாள் நோன்பு புடிக்கிறன். ஒருநாளும் செவரு என்னோட கதச்சதில்ல. அதுக்காக நான் கவலப்பட்டதுமில்ல."

"உனக்கு இலக்கியம் விளங்காது."

"ஓம். ஒனக்கு வகுத்து வலி எண்டா விளங்கும்தானே, அப்ப கூப்பிடு."

பொங்கலன்று காலை எட்டு மணிக்கு, ஏழு நாள் காய்ந்த வயிற்றில், அந்தத் துண்டுகளை மென்று விழுங்கினேன். என் கணக்கு இதுதான்: ஒன்பதுக்குக் கடவுள் தரிசனம், பத்துக்குக் கோயில் மரத்தடியில் இருந்து நாலாம் பக்கம், பதினொன்றுக்கு முகம் கழுவல், பன்னிரண்டுக்கு மாமனார். எழுதுவதற்கு வசதியாக மூன்று பக்கத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். நிஸ்தார் புறுபுறுத்தபடியே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பையோடு வீதியில் நின்றுகொண்டான்.

ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்துக்கும் இல்லை. யான் ஏமாற்றிவிட்டான் என்று கோபத்தோடு பொங்கல் பானைகளின் பக்கம் போனேன். அம்மா அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வேப்பமரம் மூச்சுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மரமும் என்னைப் பார்த்தது. உடுக்குச் சத்தம் மஞ்சள் நிறத்தில் வந்து காலில் மோதியது. எனக்கு எல்லாவற்றின்மேலும் அன்பு பெருகி, கண்ணீர் வடிய, கையை விரித்தபடி ஆடத் தொடங்கினேன். (ஆடவில்லை, நிற்க முயற்சி செய்தேன் என்பதுதான் என் கட்சி. கண்டவர்கள் ஆட்டம் என்கிறார்கள்.)

இதுவே கந்தோரில் நடந்திருந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். நான் நின்றதோ வைகாசிப் பொங்கலில், உடுக்குக்கு முன்னால், விரதக்காரனாக. அங்கே அதற்குப் பெயர் வேறு. தெய்வம் ஓர் ஆளில் இறங்குவதை நாங்கள் உரு வருவது என்போம். உரு வந்தவரிடம் மனத்தில் உள்ளதைக் கேட்டு வாக்கு வாங்குவது வழக்கம். பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ என் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முகம் முழுக்கத் திருநீறு அப்பினார்கள். கையில் வேப்பிலைக் கொத்து வந்தது.

"என்ர பிள்ளையில அம்மன் வந்திட்டா" என்று அம்மா அழுதார். பிறகு என் காலில் விழுந்தார். மற்ற எல்லாவற்றையும் இன்று சிரித்துக்கொண்டு சொல்வேன். அந்த ஓர் இடம் வரும்போது மட்டும் இன்றும் எனக்குக் கூனிக் குறுகிப்போகும்.

வரிசை சேர்ந்துவிட்டது. தொலைந்த சங்கிலி பற்றிக் கேட்ட ஒரு அக்காவிடம், "சங்கிலியும் உன்னைத்தான் தேடுது" என்றேனாம். அவர் அழுதுகொண்டு நகர்ந்தார். அடுத்து, நரைத்த மீசையும் வெள்ளை வேட்டியுமாக, பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வந்துவிட்ட ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார். பின்னால் நீலச் சேலையில் ஒரு பெண்.

"தாயே, என்ர மகளுக்கு அன்புவழிபுரத்தில ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கு. பெடியன் கந்தோரில வேலை. குடுக்கலாமோ?"

திருநீற்றுக்கும் மஞ்சளுக்கும் உள்ளே இருப்பது அந்தப் பெடியன்தான் என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரம் எனக்கும் சரியாகத் தெரியாது. பொங்கல் புகைக்குள் கோட்டுப் போட்டு, பூச்சாடியில் கை வைத்தபடி அந்தப் பெடியன் தள்ளி நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அவனோ?" என்றேன். கூட்டம் நெருங்கி வந்தது. "அவன் ஒண்டுக்கும் உதவான். கந்தோரில கதிரை தேய்க்கிறான். பெரிய எழுத்தாளன் எண்டு நினைப்பு. மூண்டு வருசத்தில மூண்டு பக்கம். அதிலயும் ரெண்டாம் பக்கம் சரியில்லை."

பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். நான் விடவில்லை.

"தேத்தண்ணி போடத் தெரியாது. திருக்கோணமலையில பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது. கடலைக் கண்டாப் பயம்."

வள்ளக்காரர் குடும்பத்தில் இதைவிடப் பெரிய குறை இல்லை. "நீந்த ஏலாதோ?" என்று அவர் தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"உன்ர பிள்ளை நல்ல பிள்ளை" என்று முடித்தேன். "நாலாம் பக்கத்தில என்ன எண்டு கேட்ட ஒரே பிள்ளை. அவனுக்குக் குடுத்துப்போடாதை."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அம்மனின் வாயால் கெட்ட தவளை நான் ஒருவன்தான்.

இதற்குள் பூசாரியார் வந்து என் உச்சியில் தேசிக்காய் தேய்த்தபடி காதுக்குள் கேட்டார். "தம்பி, என்ன சாப்பிட்டனீர்?"

"காளான் ஐயா."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அம்மன் மலையேறிட்டா, எல்லாரும் விலகுங்கோ" என்று உரத்துச் சொல்லி, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இளநீர் பருக்கினார். போகும்போது, "இனி இந்த வாசலுக்கு வெறும் வயித்தோட வாரும், வெறும் மனசோட வாரும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிஸ்தார் என்னைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிழலில் இருத்தினான். நான் மதில் ஓரத்தில் வாந்தியெடுத்து நிமிர்ந்தபோது, அங்கு வழக்கமாகத் திரியும் மான்களில் ஒன்று மோட்டார் சைக்கிளில் தொங்கிய பைக்குள் தலையை விட்டிருந்தது. மூன்று பக்கத்தையும் ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டுப் போனது. நிஸ்தார் தடுக்கவில்லை. "முழுசா வாசிச்ச ஒரே ஆள் அதுதான், விடு" என்றான்.

அடுத்த நாள் தரகர் வந்தார். "அம்மன்ர உத்தரவு இல்லையாம்" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பேசாமல் இருந்தால் சுமதி இல்லை. உண்மையைச் சொன்னால், காளான் தின்றுவிட்டுத் தெய்வத்தின் இடத்தில் நின்று வாக்குச் சொன்னவன் என்று பெயர் வரும். அப்போதும் சுமதி இல்லை. ஆறு நாள் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையால் இரண்டு போட்டார். பிறகு இருந்து அழுதார். பிறகு, "என்ர காலில நீ விழு" என்றார். விழுந்தேன். "இனி அங்க போய்ச் சொல்லு. அந்த மனிசன் அம்மன் சொன்னதெண்டு நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது" என்றார்.

ஏழாம் நாள் பின்னேரம் நிஸ்தாரின் மோட்டார் சைக்கிளில் சல்லிக்குப் போனேன். தில்லையம்பலம் ஐயா முற்றத்தில் வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூரிகையை நிறுத்தவில்லை.

"அப்ப, நீர் அண்டைக்குச் சொன்னது பொய்யோ?"

"இல்லை ஐயா. எல்லாம் உண்மைதான்."

"நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது."

"மூண்டு பக்கம்தானோ?"

"இப்ப அதுவும் இல்லை ஐயா. மான் திண்டிட்டுது."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கி அடக்கி, பிறகு அடக்க ஏலாமல் வந்த சிரிப்பு. ஐயா தூரிகையைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு அண்டைக்கே தெரியும். நாலாம் பக்கம் எண்ட கதை அம்மனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு வீட்டை வந்து சொன்னவள். வந்து ஒப்புக்கொள்ளுறாரோ எண்டு எட்டு நாள் பாப்பம் எண்டனான்." கையில் பட்ட பெயின்றைத் துடைத்தார். "பொம்பிளை கேட்டு வந்தவை எல்லாரும் தங்களைப் பற்றி நல்லதாத்தான் சொன்னவை. தன்ர குறையைச் சபையில சொன்னது நீர் ஒராள்தான். அது உம்மால ஏலாத காரியம். அம்மன்தான் சொல்ல வைச்சவ எண்டு நான் நம்புறன். இரும், தேத்தண்ணி வருது."

அந்தக் கதிரையில் இருந்தபோதுதான், மூன்று வருடம் ஜன்னலால் தேடியது எனக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றது. நான் கண்ட தரிசனம் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அந்த நாவலை மறுபடி தொடங்கவில்லை. இப்படிச் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதுகிறேன். தேத்தண்ணி போடப் பழகிவிட்டேன். நீந்த இன்னும் ஏலாது. பழக்கப் பார்த்த மாமனார் கைவிட்டுவிட்டார்.

ஆனால் அந்த வாக்கு வீட்டை விட்டுப் போகவில்லை. நான் எதையாவது மழுப்பினால் போதும், சுமதி குசினிக்குள் போய் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து என் கையில் தருவாள். "இப்ப சொல்லுங்கோ." மாமா வானொலியை நிறுத்துவார். மகள் கைகூப்பி நிற்பாள். அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு இன்றுவரை நா எழவில்லை.

நேற்று இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, மிகவும் நன்றாக வந்திருக்கிறது என்று வீட்டாருக்கு அறிவித்தேன். சுமதி எழும்பிக் குசினிக்குள் போனாள். திரும்பி வந்தவள் கையில் கறிவேப்பிலை. மகள் கேட்டாள்.

"தாயே, அப்பான்ர கட்டுரை எப்பிடி?"

கண்ணை மூடினேன். கொத்தை ஒருதரம் ஆட்டினேன்.

"ரெண்டாம் பக்கம் சரியில்லை" என்றேன்.