கால்மாட்டில் தொப்பி வைத்த போர்வை

எனக்கு எழுத வராது, கோணல்மாணலாகத்தான் இருக்கும், மன்னிக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதில் பாஸ் என்று வாத்தியார் சொன்னதோடு சரி, அப்புறம் என்னை யாரும் எதிலும் பாஸ் என்று சொன்னதில்லை. மறதியும் ஜாஸ்தி.

ஆனால் செக்கிங் அக்காவை மறக்க முடியாது. திருப்பூரில் அந்த அக்கா குறை கண்டுபிடிக்காத பொருளே கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அக்கா அந்த ஸ்டிக்கர் பட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடுவார். நாங்கள் இருவரும் அடுத்தடுத்த கதவில் குடியிருந்த லைன் வீட்டில் என் கோலத்துக்குப் பக்கத்தில் அம்பு, என் இட்லித் தட்டில் அம்பு. வீட்டு ஓனர் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் காலர் கோணல் என்று முதுகில் ஒரு அம்பு. அவர் அதோடுதான் உடுமலைப்பேட்டைக்குத் திரும்பிப் போனார். அப்படியும் கல்யாணம் நடந்தது, தங்கமான பிள்ளை.

நான் அதே கம்பெனியில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். அக்காவைக் கண்டால் என் கை தானாக முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு மார்கழி ஞாயிறு, விடிந்ததிலிருந்தே தூறலும் ஊதக்காற்றும். எங்கள் ஊர்க் குளிரைச் சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்று பல் தந்தி அடித்தது. கதவைத் தாழ் போட்டு, சுடுசோறும் கொள்ளுப்பருப்பும் ஆக்கி, சுக்குக் காபியோடு என் ரகசியத்தை வெளியே எடுத்தேன்.

ரகசியம் ஒரு போர்வை. வெளிநாட்டுக் குளிருக்குத் தைக்கிற, உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கிற துணியின் கட்டிங் வேஸ்ட்டை ஒட்டுப்போட்டு நானே தைத்தது. எட்டு நிறம். அதில் ஒரு துண்டு தலைக்குப் போடும் தொப்பியாகவே வந்திருந்தது. பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே சேர்த்துவிட்டேன். முடித்துப் பார்த்தால் தொப்பி கால்மாட்டில் இருக்கிறது. போர்வையைத் திருப்பித் தலையை விட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. காலை விட்டேன். அடைக்கோழிக்கு அடியில் வைத்த மாதிரி இருந்தது. ஆனால் வெளியே தெரிந்தால் செக்கிங் டேபிளே சிரிக்குமே!

"ஏளா, கதவத் தொற! எங்கூட்டுல மேல ஒழுகுது!"

போர்வையைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "வாங்க்கா" என்றேன். தாழ் போட்ட கதவு எப்படித் திறக்கும்? எழுந்து போய்த் திறந்தேன். அக்கா நனைந்த கோழியாக நின்றார்.

"ரொம்பக் குளிருதுங்களாக்கா?"

"குளிரா? எனக்கா? போளா!"

என் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று சொல்லி இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். பருப்புச் சட்டிக்கு அம்பு ஒட்டப் பட்டையை எடுத்தார். ஸ்டிக்கரை உரிக்க முடியாமல் விரல் நடுங்கியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கமாவது ஒன்றாவது? போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

உடம்பில் சூடு ஏறியதும் அக்கா வேலையை ஆரம்பித்தார். "தையல் பாம்பு மாதிரி போவுது. ஓரம் மடிக்கல. இது என்ன நெறம், கண்ணு கூசுது." அம்பு மேல் அம்பு. கடைசியில், "ஏளா, தொப்பி எதுக்குக் கால்மாட்டுல?"

"தப்பாத் தெச்சுப்போட்டனுங்க்கா. காலை உள்ள உட்டுப் பாருங்க."

விட்டார். கையில் உரித்து வைத்திருந்த அம்பைத் திரும்பப் பட்டையிலேயே ஒட்டினார்.

"பாஸ்."

"என்னங்க்கா?"

"ஒரு தடவதான் சொல்லுவேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் வரை அக்கா குறட்டை விட, நான் வெறும் தரையில், ஆறிய சுக்குக் காபியோடு உட்கார்ந்திருந்தேன். கால் சில்லிட்டது. ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

போர்வையில் மொத்தம் பதினாலு அம்பா, பதினஞ்சா, மறந்துவிட்டது. பிற்பாடு வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போகும்போது அக்கா அதை மடித்துக் கையோடு கொண்டுபோய்விட்டார், வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். தொப்பியில் மட்டும் தேட வேண்டாம், அங்கே ஒன்றும் இருக்காது.