நடுக்கடலுக்கு மேல் இருந்தவன்

தேதிகளைத் தப்பாமல் சொல்கிறவனைக் குடும்பம் எல்லாக் கணக்குக்கும் நம்பிவிடும். அவனும் தன்னை நம்பிவிடுவதுதான் ஆபத்து.

பசுமலையில் மாமா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஒரே மகன் செந்தில் சிட்னியில். அங்கே இரவு பத்து மணிக்கு விமானம் ஏறி, சிங்கப்பூர் வழியாக நேரே மதுரையில் இறங்குவதாகச் செய்தி அனுப்பியிருந்தான்.

"எப்ப வந்து சேருவான் மாப்ள?" என்றார் அத்தை.

நான் எழுந்து நின்றேன் (யாரும் நிற்கச் சொல்லவில்லை). ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். இடையில் காத்திருப்பதோடு பதினைந்து மணி நேரப் பயணம். இரண்டு ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரை" என்றேன்.

அவன் வீடு வந்து சேர இருட்டிவிடும். இருட்டினால் எடுக்கக் கூடாது. ஃப்ரீசர் பெட்டி வேறு விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது. காலையிலேயே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

"அப்பன் மொகத்தப் பாக்காமயா?" அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்கா போட்டுப் பாருய்யா."

போட்டேன். அதே அஞ்சரை.

சனிக்கிழமை என்பதால் பாடையில் துணைக்கு ஒரு கோழியைக் கட்டினார்கள். தூக்கும் நேரத்தில் என் கைபேசி ஒலித்தது. திரையில் செந்தில். என் கணக்குப்படி அவன் சிங்கப்பூரைக்கூடத் தொடாமல் நடுக்கடலுக்கு மேல் இருக்கிறான். அங்கிருந்து எப்படிக் கூப்பிடுவான்? மறுபடி ஒலித்தது. அணைத்துவிட்டேன். (கணக்கைச் சந்தேகிப்பதைவிடப் பேயை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.)

தெருமுனையில் சங்கு நின்றது. கொட்டு நின்றது. பாடையின் முன்பக்கம் தூக்கியிருந்த பக்கத்து வீட்டு மாரியண்ணன் மெல்லச் சொன்னார்:

"ஏப்பா, பெரியவரு முன்னாடி நிக்காரு."

நின்றார். அதே ஏறுநெற்றி, ஒரு பக்கம் சாய்ந்த அதே தோள். பளீரென்ற வெயிலில், நடுரோட்டில், அசையாமல். கோழி மட்டும் கத்தியது. பாடையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தார்.

"போயிருங்க மாமா" என்று கும்பிட்டேன்.

"போன எடுக்க மாட்டீங்களா அத்தான்?" என்றது உருவம்.

அப்போதுதான் அதன் பின்னால் ஆட்டோவும் பெட்டியும் கண்ணில் பட்டன. மேற்கே வருகிறவனுக்கு அந்த நாலரை மணியைக் கழிக்க வேண்டும். நான் கூட்டியிருந்தேன். இரண்டு தடவையும்.

பாடையை இறக்கினார்கள். செந்தில் ரோட்டிலேயே மண்டியிட்டு அப்பாவின் கன்னத்தைத் தடவினான். நான் மாரியண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் யாராவது கையை நீட்டுகிறார்கள்: "வாட்சக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போங்கண்ணே." அத்தை சிரிக்காமலே சொல்வார்:

"எனக்கு ஒன்னுன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது மாப்ள. எம்மகன் வாரப்ப வரட்டும். அம்புட்டு நேரமும் நான் கெடக்கேன்."