மாக்கியின் விருந்தாளிகள்

என் பிரியமுள்ள அகாய்ட்டி அக்காவுக்குத் தம்பி டுட்டாய் எழுதுவது. ரரொடோங்காவில் நீயும், உன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி இனாவும், மற்ற உறவுகள் எல்லாரும் நெடுநாள் வாழ வேண்டும். இங்கே நானும் பன்றிகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். மழைத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது.

அக்கா, என் மகள் மொயெரோவாவின் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. நீதான் என் இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போக வேண்டும். எழுதும்போதே அழுகை வருகிறது. ரேடியோவில் சொல்லியிருப்பேன், ஆனால் வடக்குத் தீவுகள் மொத்தமும் காதை வைத்துக் கேட்கும். இனாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

சரக்குக் கப்பல் எஞ்சின் கெட்டு எங்கேயோ கிடக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வராதாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது தீவைச் சுற்றிய பவளப்பாறைக்கு வெளியே ஒரு பாய்மரம் தெரிந்தது. முதலில் பார்த்தவன் நான். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா? "பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன், ஊரே எழுந்துவிட்டது. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வந்த படகை எவன் முதலில் போய்த் தொடுகிறானோ அவன் வீட்டு விருந்தாளிதான் அவர்கள், கிளம்பும்வரை சோறு, படுக்கை, துணி துவைப்பது எல்லாம் அவன் பொறுப்பு, மற்றவன் வணக்கம் சொல்லலாம், அதற்கு மேல் எதைக் கேட்கவும் அந்த வீட்டுக்காரன் சம்மதம் வேண்டும். நான் துடுப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், நம்ம சித்தப்பா மகன் மாக்கி எஞ்சினைப் போட்டுப் போய்த் தொட்டுட்டான்!

போயும் போயும் மாக்கியா, அக்கா! போன வருஷம் அவனோட விருந்தாளி ஒருத்தர் வழி தெரியாம நம்ம வாசல்ல வந்து நின்னதும், இனா தேங்காய்ப்பால் ஊத்தின மீனும் ரொட்டிப்பழமும் போட்டதும் ஞாபகம் இருக்கா? மனுஷன் சாப்பிட்டுட்டு நேரா மாக்கி வீட்டுக்குப் போய் ருசியைப் புகழ்ந்துட்டார். அன்னைக்கு நாங்க விருந்தாளித் திருடர் ஆனோம், அன்னையிலிருந்து மாக்கிக்கும் எனக்கும் பேச்சில்லை. இப்ப வந்தவங்க ஹெங்க்னு ஒரு பெரியவர், அவர் சம்சாரம் லீஸ். நேரா ரரொடோங்காதான் போறாங்களாம். என் மானம் மரியாதையை மடிச்சு வச்சுட்டு மாக்கி வீட்டுக்குப் போனேன்.

"டேய், உன் விருந்தாளிகிட்ட ஒரு இடம் கேட்டுக்கட்டுமா?"ன்னேன்.

"என் விருந்தாளிகிட்ட பேசணும்னா என்கிட்ட கேக்கணும், அண்ணே."

"அதைத்தானே கேக்கறேன்."

"என்கிட்ட கேக்கணும்னா நாம பேசிக்கிறவங்களா இருக்கணும். நாமதான் பேசறதில்லையே."

"இப்ப பேசிட்டுதானேடா இருக்கோம்!"

"நான் வலைகிட்ட பேசிட்டு இருக்கேன். ஏ வலையே, நல்லா சாப்பாடு போடறவங்க வீட்டுல இடமும் இருக்கும்னு சொல்லு."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வலையைத் தூக்கி அவன் கழுத்துலயே போட்டிருப்பேன். பெத்த பொண்ணு கல்யாணம்னுகூட இரக்கம் இல்லை. இந்தக் கடிதத்தை ஹெங்க் கையில் நானே கொண்டு போய்க் கொடுக்கப்போறேன். கடிதம் கொடுக்கறது பேச்சு ஆகாது, யோசிச்சுப் பார்த்துட்டேன்.

மணமக்களுக்கு என் முத்தத்தையும் ஆசியையும் நீயே கொடு. அங்கே பெரியவர் சிறியவர் எல்லார் தலைமேலும் ஆண்டவர் கை இருக்கட்டும். மாக்கிக்குன்னு கல்யாணப் பந்தியில ஒரு பருக்கைகூட எடுத்து வச்சுடாதே.

உன் தம்பி,
டுட்டாய்

பின்குறிப்பு: எழுத்து கோணலா இருக்கும், படகு ஆடுது. கடிதத்தோட நான் ஹெங்க் படகுல ஏறினதும், "இதுவும் திருட்டுதான்!"னு கத்திட்டே மாக்கியும் பின்னாலயே ஏறிட்டான். ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருந்ததா, பேசினோம், பேசினோம், காத்து மேற்கிலிருந்து கரைப் பக்கமா அடிக்க ஆரம்பிச்சதையே கவனிக்கலை. பாறையில மோதிடக் கூடாதுன்னு ஹெங்க் நங்கூரக் கயித்தை வெட்டிட்டுப் பாயை ஏத்திட்டார். நாங்க ரெண்டு பேரும் வந்த சின்னப் படகுங்க அலையோட கரைக்குப் போயிடுச்சு, நாங்க போகலை. பன்றிகளை மாக்கி பெண்டாட்டி பார்த்துக்குவா. முதல்ல ஏறினவன் நான்தான், தண்ணி வேணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுக் குடின்னு மாக்கிகிட்ட சொல்லிப் பார்த்தேன், லீஸ் அதட்டிட்டாங்க. பாவம், வாந்தி எடுத்து எடுத்து என் மடியிலயே தூங்கறான். மொயெரோவா கையை நீ பிடிக்க வேண்டாம், அப்பன் வரேன். அரைக்கால் சட்டையோட வரேன், கரை சேர்ந்ததும் இந்தக் கடிதத்தை ஒரு பையன்கிட்ட உனக்குக் கொடுத்தனுப்பறேன், உடனே துறைமுகத்துக்கு வெள்ளைச் சட்டை கொண்டு வா. ரெண்டா கொண்டு வா, அவன் என்னைவிட ஒரு சுத்து பெருசு.