சங்கக்கடை லைனில் ஒரு சட்டத் திருத்தம்

“உயிரோடை ஒரு மனிசி நிக்கிறன். எனக்கு முன்னாலை ஒரு வாளி, ஒரு செங்கல்லு, ஒரு ஒற்றைச் செருப்பு! உதுகள் எல்லாம் எண்ணெய் வாங்கின பிறகோ எனக்கு ஊத்தப் போறியள்?”

இப்படிக் கத்தியது செல்லம்மாக்கா. இடம், எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை வாசல். நேரம், காலை எட்டு மணி.

எனக்கு அன்றைக்கு இருந்தது ஒரேயொரு அலுவல்தான். பங்கீட்டுக் கூப்பனைக் காட்டி ஒரு போத்தில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டை போவது.

கரண்ட் போய் வருசக்கணக்காகிறது. எண்ணெயும் யுத்தகாலப் பொருளாதாரத் தடையெல்லாம் தாண்டி வந்து சேர்ந்தால்தான் உண்டு. மகள் மாலாவுக்கு மறுநாள் கணக்குச் சோதினை. ஜாம் போத்தில் விளக்கில் கிடந்த கடைசிச் சொட்டும் முதல்நாளே எரிந்து முடிந்துவிட்டது.

“அம்மா, இண்டைக்கு எண்ணெய் இல்லையெண்டால் நான் பெயில்தான். பிறகு என்னைப் பேசக் கூடாது.” காலையிலேயே சொல்லிவிட்டாள்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருக்கிறது. விடிந்ததும் வந்து கடை வாசலில் ஏதாவது ஒரு சாமானை வைத்துவிட்டு வீட்டை போய் அடுப்பு மூட்டலாம். அந்தச் சாமான் உங்களுக்காக நிற்கும். சிவப்பு வாளி என்றால் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீடு. உடைந்த செங்கல் தபால்காரர் வீடு. கிழிந்த குடையும் ஓலைக்கூடையும் பின்வீதிக்காரருடையவை. ஒற்றைச் செருப்பு ஆருடையது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எண்ணெய் வரும் நாளெல்லாம் தவறாமல் வந்து நிற்கும்.

என்னுடைய பிரதிநிதி எண்ணெய் வாங்கும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கான். அதை ஒன்பதாவது இடத்தில் வைத்துவிட்டுப் போய், புட்டு அவித்து இறக்கிவிட்டு, அப்போதுதான் திரும்பி வந்து அதற்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் செல்லம்மாக்கா.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் எனக்கு முன்னால் இருந்த எட்டில் மனிதர் மூன்று பேர்தான். மற்ற ஐந்தும் சாமான். அந்த ஐந்தையும் தூக்கினால் நான் நாலாம் இடம்! நியாயத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு பற்று. அந்த நியாயம் என்னை ஐந்து இடம் முன்னுக்குத் தள்ளுமென்றால் பற்று இன்னும் கூடும்.

போதாக்குறைக்கு நான் கொன்வென்ற்றில் படித்தவள். “நமது நாட்டுக்குப் பாராளுமன்ற ஆட்சி பொருந்துமா?” என்ற விவாதத்தில் “பொருந்தாது” என்று பேசி தலைமைக் கன்னியாஸ்திரியான மதரின் கையால் ஒரு மாதா சுரூபம் வாங்கியவள். அந்தச் சுரூபம் இன்றைக்கும் என் அலுமாரியில் நின்று என்னைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

“செல்லம்மாக்கா கேக்கிறது சரிதானே? ஆள் இல்லாத சாமானுக்கு லைனிலை என்ன அலுவல்?” என்றேன்.

துரைசிங்கம் அண்ணை திரும்பிப் பார்த்தார். கிராமசபையில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். லைனில் முதலாவது ஆள். இளைப்பாறிய பிறகும் சபையை விடவில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது கூட்டம்.

“தங்கச்சி, ஆளுக்காக ஆளின்ரை வாளி நிக்குது. அதுக்குப் பேர்தான் பிரதிநிதித்துவம். நாங்களும் கொழும்புப் பாராளுமன்றத்துக்கு ஆக்களை அனுப்பிப்போட்டு வீட்டிலை இருக்கேல்லையே?”

“அவையளோடை வாளியைச் சேர்க்காதையுங்கோ அண்ணை. வாளி வைச்ச இடத்திலை நிக்குது!”

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஒரே பெருமை.

“அப்ப வாளி திறம் எண்டு நீரே ஒத்துக்கொள்ளுறீர். பிறகேன் தூக்கச் சொல்லுறீர்?”

கிளாக்கர் புத்தி! என்னுடைய பகிடியாலேயே என்னைப் பிடித்துவிட்டார். சும்மா விடுவேனா?

“வாளி நிக்கும் அண்ணை, வாய் திறக்குமோ? எண்ணெய் முடிஞ்சுது எண்டு கதவைச் சாத்தினால் வாளி போய்ச் சண்டை பிடிக்குமோ? எங்களுக்காக ஒண்டு நிண்டால் காணாது. கேக்கவும் வேணும். கேக்காததை மாத்த வேணும்!”

“சொல்லு பிள்ளை, சொல்லு!” என்றார் செல்லம்மாக்கா.

துரைசிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். “சரி. தங்கச்சி பிரேரிக்கிறா, செல்லம்மா ஆமோதிக்கிறா. ஆள் இல்லாத எந்தச் சாமானும் லைனிலை நிக்கக் கூடாது. ஆதரவானவை கையைத் தூக்குங்கோ!”

நின்றவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஏன் தூக்கமாட்டார்கள்? எல்லாருக்கும் முன்னேற்றம்தானே! வாளிக்காரர் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து சாமானும் வாசலோர வேப்பமரத்தடிக்குப் போயின. நான் நாலாம் இடம். ஒரு நாட்டையே திருத்திவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கக்கடை மனேச்சர் வாசலுக்கு வந்தார்.

“ஒரு பரல்தான் வந்திருக்கு, அதிலையும் அடியிலை கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு போத்தில்படி குடுத்தால் பாதிப் பேருக்குத்தான் காணும்.”

லைன் ஓவென்று கத்தியது.

“எல்லாரும் கத்தினால் எனக்கு ஒண்டும் விளங்காது! ஒராளை உள்ளை அனுப்புங்கோ, கதைப்பம்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“எங்கடை ராணிதான் போகோணும்! கொன்வென்ற்றிலை படிச்சவள். இங்கிலீசிலையும் பேசுவாள்,” என்றார் செல்லம்மாக்கா. மண்ணெண்ணெய்க்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போட்டியின்றித் தெரிவானேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “என்ரை கான்...” என்று தொடங்கினேன்.

“நீ போட்டு வா பிள்ளை!” என்றார் செல்லம்மாக்கா.

‘நான் பார்த்துக்கொள்ளுறன்’ என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உள்ளே மனேச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கை வைத்த கதிரை! “இருங்கோ அக்கா” என்று சொல்லிப் பனங்கட்டியோடு பிளேன்ரீயும் தந்தார். வாசலில் வெயிலில் நின்றவளுக்கு அது சொர்க்கம். நான் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“தம்பி, ஆளுக்கு ஒரு போத்தில் வேண்டாம். அளவைக் குறைச்சு ஊத்துங்கோ. ஆனால் நிக்கிற ஒருதரும் வெறுங்கையோடை போகக் கூடாது.”

“நல்ல யோசனை அக்கா. உங்களைப்போல விளங்கின ஆக்கள் வந்தால் எனக்கும் லேசு. எத்தினை பேர் நிக்கினம்? சாமான்களையும் சேர்த்து எண்ணுறதோ?”

“சாமானுக்கு இனி மதிப்பில்லை. தீர்மானம் நிறைவேத்தியாச்சு!”

கதிரையிலிருந்து எழும்பாமலே யன்னலால் எட்டிப் பார்த்து எண்ணினேன். “நாப்பத்தொண்டு பேர்.”

மனேச்சர் கடதாசியில் பிரித்துப் பார்த்தார். “ஆளுக்கு அரைப் போத்தில். மட்டுமட்டாய்ச் சரி.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அக்கா, உங்கடை கூப்பனை இப்பவே தாங்கோவன். உங்களுக்கு இஞ்சையே ஊத்தித் தாறன்.”

மனம் “குடு, குடு” என்றது. மாலாவின் விளக்கு கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் அலுமாரிச் சுரூபமும் கூடவே வந்து நின்றது.

“வேண்டாம் தம்பி. நான் லைனிலை நிண்டே வாங்குறன். பதவியாலை வாற எண்ணெய் எனக்கு வேண்டாம்.”

என்ன வசனம்! மதர் கேட்டிருந்தால் இன்னொரு சுரூபம் தந்திருப்பார். மிச்சத் தேத்தண்ணியையும் ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டே வெளியே வந்தேன்.

“எல்லாருக்கும் கிடைக்கும்! ஆளுக்கு அரைப் போத்தில்!”

ஒருவரும் கைதட்டவில்லை. மனேச்சரின் ஆள் அதற்குள் பக்கக் கதவால் பரலை உருட்டிக்கொண்டு வந்து அரையரைப் போத்திலாக ஊற்றத் தொடங்கியிருந்தான். லைன் அசைந்துகொண்டிருந்தது. என்னுடைய நாலாம் இடத்தில் செல்லம்மாக்கா நின்றார்.

“என்ரை கான் எங்கை?”

செல்லம்மாக்கா நாடியால் வேப்பமரத்தைக் காட்டினார். அங்கே ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் என்னுடைய மஞ்சள் கான்.

“ஆர் அதைத் தூக்கினது?”

“நான்தான்,” என்றார் துரைசிங்கம் அண்ணை, பாதி நிரம்பிய போத்திலை மூடிக்கொண்டே. “நீர் உள்ளை போனீர். கான் தனிய நிண்டது. ஆள் இல்லாத சாமான். சட்டம் நீர் கொண்டந்ததுதானே தங்கச்சி?”

“அண்ணை, நான் உங்களுக்காகத்தானே உள்ளை போனனான்!”

“ஓம், அதுக்கு நன்றி. அது வேறை, இது வேறை.”

“செல்லம்மாக்கா, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதே?”

“நானெப்பிடிப் பிள்ளை சட்டத்தை மீறுறது?” என்று சொல்லிக்கொண்டே ஓரடி முன்னுக்குப் போனார்.

கானைத் தூக்கிக்கொண்டு வால்பக்கம் போனேன். அங்கே வாளி, செங்கல், குடை, கூடைக்காரர் நாலு பேரும் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றார்கள். செருப்புக்காரர் அன்றைக்கும் வரவில்லை.

“என்ரை வாளியை மரத்தடிக்கு அனுப்பினது நீரோ?” என்று கேட்டார் பரியாரியார் பெண்சாதி.

“இல்லை, அது எல்லாரும் சேர்ந்து எடுத்த தீர்மானம்...”

“எல்லாரும் எண்டால்? என்னட்டைக் கேட்டனீரோ?”

மதரின் விவாதத்தில் இந்தக் கேள்வி வரவேயில்லை.

“கவலைப்படாதையுங்கோ அக்கா, எல்லாருக்கும் கிடைக்கும். நானே எண்ணிக் குடுத்தனான்,” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. நாற்பத்தோராவது ஆளுக்கு ஊற்றி முடிந்ததும் வெறும் பரல் உருண்டு கவிழ்ந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. அவ்வளவு துல்லியமான கணக்கு!

மனேச்சர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்கள் எண்ணேக்கை உங்களைச் சேர்க்கேல்லையோ?”

எப்படிச் சேர்ப்பேன்? நான் அப்போது லைனில் நிற்கவில்லையே. கதிரையிலல்லவா இருந்தேன்! இவ்வளவு காலமும் நாங்கள் அனுப்பி வைத்தவர்கள் தங்களை மட்டும் எண்ணினார்கள். நான் என்னை மட்டும் விட்டுவிட்டு எண்ணினேன். இரண்டிலும் ஆரோ ஒருவர் வீடு இருட்டு.

ஆக்கள் கலையத் தொடங்கினார்கள். எனக்கு வீட்டில் காத்திருக்கும் வெறும் ஜாம் போத்திலும் மாலாவின் முகமும் நினைவுக்கு வந்தன. ரோசத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் போய் நின்றேன்.

“இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு நாளைக்குச் சோதினை! ஆளுக்கு ஒரு மூடி எண்ணெய் ஊத்திவிட்டால் காணும். விருப்பமானவை கையைத் தூக்குங்கோவன்!”

ஒரு கையில் போத்தில், மற்றக் கையில் சைக்கிள். தூக்குவதற்கு ஒருவரிடமும் கை இருக்கவில்லை.