உச்சியில் நின்ற ஆசாமி

பாஸ்போர்ட் படம் எடுத்து எடுத்தே தன் பாதி ஆயுள் போய்விட்டது என்பதை ஸ்டூடியோக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது கண்டுபிடித்தார். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "இனிமே மலைதான்!" என்று சபதம் போட்டார். நுரை கண்ணாடியெங்கும் தெறித்தது.

"அதைத் துடைச்சிட்டு மலைக்குப் போங்க," என்றாள் மனைவி, ஷூ லேஸைக் கட்டியபடியே.

அவர் நியாயம் அவருக்கு. தெருமுனையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஸ்டூடியோ. உள்ளே ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. பதினெட்டு வருஷமாக ஊரே அந்தத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அவரை முறைத்துவிட்டுப் போகிறது. போகும்போது, "என் காது இவ்வளவு பெருசா?" என்று ஒரு சண்டை வேறு. காதை இவர் இழுத்து வளர்த்த மாதிரி! மலை அப்படிக் கேட்குமா? மலைக்குக் காதே கிடையாது.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு காலண்டர் அச்சகம் போட்டி வைத்திருந்தது. மலைப் படம் அனுப்ப வேண்டும். எல்லாவற்றிலும் நல்ல படம் காலண்டரின் அட்டையில் வரும். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பாஸ்போர்ட் வராரு, பாஸ்போர்ட் போறாரு" என்றுதான் பேச்சு. வீட்டுக்கு வீடு சுவரில் தன் படம் தொங்கினால் ஒருத்தராவது 'கலைஞர்' என்று சொல்ல மாட்டாரா என்று மனுஷனுக்கு ஏக்கம்.

மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அங்கே அவள் ஒரு விசில் ஊதினால் நானூறு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் விசில் தேவைப்படவில்லை. ஒரே ஆள்தானே, திரும்பிப் பார்த்தாலே வரிசையில் நின்றுவிடுவார்.

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறேன். தனியா," என்றார் அன்று சாப்பிடும்போது.

"தனியாவா? போன வாரம் மொட்டைமாடிக்குத் தனியா போய், கதவு சாத்திக்கிச்சுன்னு அங்கேருந்தே எனக்கு போன் பண்ணினீங்களே."

"அது காத்து சாத்தினது."

"மலையில காத்து அடிக்காதா?"

"இதோ பாரு, கலைஞனுக்குத் தனிமை வேணும்."

"தாராளமா வெச்சுக்கோங்க. நான் பத்தடி பின்னால வரேன். நடுவுல இருக்கற பத்தடியும் உங்க தனிமைதான்."

அவர் இரண்டாவது தடவை சோறு பரிமாறிக்கொண்டார்.

ஞாயிறு விடியற்காலை அடிவாரத்தில் இறங்கினார்கள். விடிந்துவிட்டதா என்பதே சந்தேகம். வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கவிழ்ந்து கிடந்தது. அவர் கழுத்தில் கேமரா, முதுகில் மூன்று லென்ஸ், தோளில் ட்ரைபாட். அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பத்தடி பின்னால் வருவதாகச் சொன்னவள் பத்தாவது நிமிஷத்தில் நூறடி முன்னால் இருந்தாள்.

திருப்பத்துக்குத் திருப்பம் அவர் நின்றார். ட்ரைபாடை விரித்தார். வானத்தைப் பார்த்தார். "லைட் இல்ல" என்றார். ட்ரைபாடை மடக்கினார். நான்காவது திருப்பத்தில் அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒரு படத்துக்கு இவ்வளவு நேரமாங்க?"

"வெளிச்சம் கம்மின்னா ஷட்டர் மெதுவாத்தான் மூடும். அதுவரைக்கும் கேமரா ஒரு நூல்கூட அசையக் கூடாது. மூச்சு விடாதே!"

"படம் எடுக்கறது நீங்க. நான் ஏன் மூச்சை அடக்கணும்?"

"நீ விடற மூச்சு லென்ஸ்ல படியுது."

அவள் ஐம்பதடி மேலே போனாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, பட்டனை அமுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து மைதானத்துக் குரல் இறங்கியது.

"இங்க விடலாமாங்க?"

அவர் துள்ளினார். ட்ரைபாடும் துள்ளியது. படத்தில் ஒரு மலை மூன்று மலையாக விழுந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தத் திட்டம் உதித்தது. பாதி வழியில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. இவளை இங்கேயே உட்கார்த்திவிட்டால்?

"இதுக்கு மேல ஆபத்தான இடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. அதற்கு மேலே அவர் கனவில்கூடப் போனதில்லை. "ரெண்டு பக்கமும் பள்ளம். பாறையெல்லாம் பாசி. பெரிய பெரிய மலையேறிகளே தவழ்ந்துதான் போவாங்க. என் உயிரைப் பணயம் வெக்க எனக்கு உரிமை இருக்கு. உன் உயிரை வெக்க இல்ல."

சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"சரிங்க," என்றாள் அவள். "நான் டீ குடிச்சிட்டு இருக்கேன். பார்த்துப் போங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் முதல் பேச்சிலேயே 'சரிங்க' என்றது அன்றைக்குத்தான். அவர் யோசித்திருக்க வேண்டும். ஜெயித்தவன் எங்கே யோசிக்கிறான்?

மேலே போகப்போகப் பனிமூட்டம் கெட்டியானது. நீட்டிய கை தெரியவில்லை. லென்ஸைத் துடைத்தால் கைக்குட்டை நனைந்தது. கைக்குட்டையைப் பிழிந்தால் லென்ஸ் நனைந்தது. நாற்பது படம் எடுத்தார். நாற்பதும் ஒரே சாம்பல். ஸ்டூடியோத் திரையை இவ்வளவு தூரம் ஏறி வந்தா படம் எடுக்க வேண்டும்? அழுகை வந்தது. பள்ளத்தைப் பற்றி அவளிடம் விட்ட கதை அத்தனையும் நிஜம் என்று தெரிந்தபோது பாறையோடு ஒட்டிக்கொண்டார்.

திரும்பிவிடலாம் என்று ட்ரைபாடில் கை வைத்தார். அந்த நொடியில் மூட்டம் கிழிந்தது.

உச்சிப் பாறை தெரிந்தது. அதன் பின்னால் ஒரு கீற்று வெளிச்சம். பாறைமேல் ஓர் ஆள்! கறுப்பு உருவம், நிமிர்ந்த முதுகு, தோளில் தொங்கும் கயிறு. என்ன நிற்பு! மலையையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி. அவர் மூச்சை அடக்கி ஒரே ஒரு படம் எடுத்தார். ஷட்டர் மூடியது, மூட்டமும் மூடியது.

கேமராவில் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு படம் அவர் கையிலிருந்து வந்ததில்லை. உச்சிக்கு இன்னும் இருநூறு அடி. அது கிடக்கட்டும், படம் கிடைத்துவிட்டதே! நின்று இறங்கத் தைரியம் வரவில்லை. ட்ரைபாடைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிச் சறுக்கி இறங்கினார்.

டீக்கடையில் மனைவி கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் வேர்த்திருந்தது. சூடான டீ என்று நினைத்துக்கொண்டார்.

"உச்சிக்குப் போனீங்களா?"

"போகாம? அங்க ஒரு மலையேறியைப் பார்த்தேன். ஆறடி உயரம். இவ்வளவு தாடி. என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல."

"என்ன சொன்னாரு?"

"'இந்த மூட்டத்துல இங்க வந்து நின்ன ஒரே போட்டோகிராபர் நீங்கதான்'னாரு."

அவளுக்குப் புரையேறியது. அவர் ஆதரவாக முதுகில் தட்டிக்கொடுத்தார்.

படத்தை அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: 'படத்தில் இருப்பவர் என் நெருங்கிய நண்பர், புகழ்பெற்ற மலையேறி.' மூன்றாவது வாரம் அச்சகக்காரர் போன் செய்தார்.

"உங்க படத்தைத்தான் அட்டைக்கு எடுத்திருக்கோம்."

ஸ்டூடியோக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு விஷயம். படத்துல ஆள் இருக்கு. அவர் சம்மதக் கையெழுத்து வேணும். சனிக்கிழமை நண்பரையும் அழைச்சிட்டு வந்துடுங்க."

ஸ்டூடியோக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு லாரி மெக்கானிக். ஆறடி, தாடி, இரண்டும் உண்டு.

"அண்ணே, மலை ஏறியிருக்கீங்களா?"

"லாரி மேல ஏறியிருக்கேன். ஏன்?"

"சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு நீங்கதான் மலையேறி. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"கள்ளக் கையெழுத்தா?"

"உங்க கையெழுத்துதாண்ணே. ஆள்தான் கொஞ்சம் கள்ளம்."

மெக்கானிக் தாடியைத் தடவினார். "காலண்டர்ல நான்தான்னு மாமனார் வீட்டுல சொல்லிக்கலாமா?"

"தாராளமா."

"அப்போ வரேன்."

மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குச் சனிக்கிழமை பள்ளியில் ஓட்டப் பந்தயம். மெக்கானிக்குக்குக் கம்பளித் தொப்பி மாட்டி, அச்சகத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே சுவரில் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அச்சகக்காரர் மெக்கானிக்கின் கையைக் குலுக்கிவிட்டு, படத்தைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சின்னப் படத்துல தோள்ல கயிறுன்னு நினைச்சேன். பெருசாக்கினா... இது பின்னல் இல்லையோ?"

ஸ்டூடியோக்காரர் உற்றுப் பார்த்தார். பின்னல்தான். நுனியில் ரிப்பன்கூட இருந்தது.

"அப்போ முடி வளர்த்திருந்தேன்," என்றார் மெக்கானிக், அசராமல்.

"தொப்பியைக் கொஞ்சம் எடுக்கறீங்களா?"

எடுத்தார். டியூப்லைட் வெளிச்சம் அந்தத் தலையில் பட்டு மூவர் முகத்திலும் அடித்தது.

"மூணே வாரத்துல இப்படியா?"

"மலைக்காத்து ஒத்துக்கலைங்க."

"வணக்கம்," என்று வாசலில் ஒரு குரல். மனைவி! கழுத்தில் விசிலோடு வந்து நின்றாள். "நேத்து உங்க ஆபீஸ்லேருந்து வீட்டுக்கு போன் வந்தது. இவர் நண்பரை நானும் ஒரு தடவை பார்த்துடலாம்னு பந்தயத்தை நடுவுல விட்டுட்டு வந்தேன். அட, அண்ணன்தானா அந்த மலையேறி!"

மெக்கானிக் தொப்பியைத் தலையில் மாட்டாமல் முகத்தில் மாட்டிக்கொண்டார்.

அவள் படத்துக்குப் பக்கத்தில் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அதே முதுகு. அதே பின்னல். அதே ரிப்பன். சுவரில் ஒருத்தி, தரையில் ஒருத்தி. அச்சகக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ... நீ டீதானே குடிச்சிட்டிருந்தே?" என்றார் ஸ்டூடியோக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"குடிச்சிட்டுத்தான் போனேன். கடைக்குப் பின்னாலயே குறுக்குவழி இருக்குன்னு டீக்கடைக்காரர் காட்டினாரு. தினமும் மைதானத்தைப் பத்து சுத்து ஓடறவளுக்கு அது ஒரு ஏத்தமா? மேல நின்னு உங்களுக்காக அரை மணி நேரம் பார்த்தேன். வரலை. சரி, படம் எடுத்ததாவது நிஜம். அந்தத் தாடிக்கதையை விட்டுட்டு உண்மையைச் சொல்வீங்கன்னு மூணு வாரம் காத்திருந்தேன்."

ஸ்டூடியோக்காரர் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

"அம்மா, நீங்க உச்சிக்குப் போனதுக்கு வேற ஏதாவது படம் இருக்கா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"போன்ல ஒண்ணு எடுத்தேன். கீழ மூட்டம் ஒரு நிமிஷம் விலகினப்போ."

போன் கை மாறியது. படத்தில் மலைச்சரிவு மடிப்பு மடிப்பாக இறங்கியது; பள்ளத்தில் மேகம் ததும்பியது; ஒரு பக்கம் மங்கலான வெளிச்சம். நட்டநடுவில் ஒரு மனிதர். ட்ரைபாடை மார்போடு அணைத்து, கண்ணை இறுக மூடி, உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டிருந்தார்.

அச்சகக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சேர்ந்துகொண்டார். அச்சுக்கோக்கிற அறையிலிருந்து நாலு பேர் வந்து பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அட்டைக்கு இதுதான்!" என்றார் அச்சகக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சார், உங்க படமும் அழகுதான். பிப்ரவரியில போட்டுடறேன்."

"பிப்ரவரியிலயா?"

"சீக்கிரம் கிழிச்சிடுவாங்க."

அச்சகக்காரர் மேஜையைத் திறந்து இன்னொரு சம்மதப் படிவத்தை எடுத்தார். மனைவி அதை வாங்கிக் கணவருக்கு முன்னால் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். வரிசையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்கு வீடு தொங்கப் போகுதே," என்றார் பரிதாபமாக. "என் மானம்..."

"பெருமைப்படுங்க," என்றாள் அவள். "ஊர்ல எல்லார் மானமும் கப்பல்லதான் ஏறும். உங்களோடதுதான் மலையில ஏறியிருக்கு."