எறும்பே, அசையாதே!

"எறும்பு அழுதா நமக்குத் தெரியுமாப்பா?"

மகள் சின்ன வயதில் ஒருநாள் கேட்ட கேள்வி. கணக்கு வாத்தியாருக்கு எந்தக் கேள்விக்கும் விடை தெரியும். இதற்கு மட்டும் தெரியவில்லை. "எறும்போட முகத்தைப் பெரிசா போட்டோ எடுத்து, உன் பிறந்தநாளுக்குச் சுவத்துல மாட்டறேன். நீயே பாத்துக்கோ" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு இரண்டு பிறந்தநாள்கள் வந்து போயின. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மூன்றாவது, நாளைக் காலை.

"இந்த வருஷமும் ஆணிதானாப்பா?" என்றாள் மகள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவரைச் சமாதானப்படுத்துவது போலக் கேட்டாள்.

குற்றம் வாத்தியாருடையது அல்ல. எறும்பின் முகத்தருகே லென்ஸைக் கொண்டுபோனால் ஒரு முடியளவு ஆழம்தான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் மீசை மங்கும். மீசை தெளிந்தால் கண் மங்கும். ஆகவே கேமராவை முடியளவு முடியளவாக முன்னே நகர்த்தி அறுபது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தெளிந்த இடங்களை மட்டும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். அதுவரை எறும்பு அசையக் கூடாது. ஒரு வகுப்பையே ஒரே அதட்டலில் அசையாமல் உட்கார வைப்பவர் அவர். எறும்பு அந்த வகுப்பில் படிக்கவில்லை.

போன வருடப் படத்தில் எறும்புக்கு ஒன்பது கால்கள் விழுந்திருந்தன. "இது எறும்பா, எறும்புக் குடும்பமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு எறும்பை அடிச்சுப்போட்டு எடுங்களேன் மாமா" என்றான் லீவுக்கு வந்திருந்த மைத்துனன்.

"சாமி குடுத்த உசுருடா. ஒரு போட்டோவுக்காகப் பறிக்கச் சொல்றியா?"

மத்தியானம் மேஜையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, ஓர் எறும்பை அருகில் விட்டார். அது ஒரு வாய் குடித்தது. பிறகு நல்ல மனதோடு போய்ச் சொந்தபந்தம் முழுவதையும் அழைத்துவந்தது. கேமராவுக்குள் ஏறியவற்றை ஊதி ஊதி வெளியேற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

"குளிர்ல வச்சா கொஞ்சம் மந்தமாகும்" என்று நாலைந்து எறும்புகளைக் காலி வெண்ணெய் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க! வெண்ணெய் நடக்குது!"

அத்தனையையும் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே விட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, மறுபடி மேஜைக்கு வந்தார். இப்போது புதுத் தொல்லை. எடுத்த படம் எல்லாவற்றிலும் ஒரு நடுக்கம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"கீழ்வீட்டு டெய்லரம்மாவோட மிஷின்! ஊசி ஏறி எறங்கற வேகமும் இந்த நடுக்கமும் ஒண்ணு. டேய், நீ போய்ப் பக்குவமா சொல்லிட்டு வா."

மைத்துனனுக்குக் கூச்சம். பாவம், உழைத்துச் சாப்பிடுகிறவரிடம் மிஷினை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரிந்த பக்குவத்தில் சொன்னான்: "மேல ஒருத்தர் துளிகூட அசையக் கூடாதுக்கா. கொஞ்சம் சத்தமில்லாம பாத்துக்கங்க."

அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் படியெல்லாம் தடதடத்தது. டெய்லரம்மா வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு முன்னால் வந்தார். பின்னால் எதிர்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர், ஆப்பிளோடு. அவருக்குப் பின்னால் பக்கத்துவீட்டு நர்ஸ், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு.

"யாருக்கு சார் முடியல?"

வாத்தியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்."

"அசையக் கூடாதுன்னு உங்க மச்சான் சொன்னாரே?"

வாத்தியார் மைத்துனனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் மேஜைமேல் தனியாக நின்ற எறும்பைச் சுட்டிக் காட்டினார்.

நர்ஸ் குனிந்து பார்த்தார். "ஆறு கால் இருக்கே, இந்தப் பட்டையை எதுல கட்டறது?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மகளின் பிறந்தநாள் விஷயத்தை வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னதும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆப்பிளைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போஸ்ட்மாஸ்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் படியிறங்கினார்.

"நீயும் எங்கேயாவது அசையாம உக்காரும்மா" என்றார் வாத்தியார் மகளிடம். அவள் மேஜைக்கடியில் புகுந்து, அவர் காலை மரத்தைப்போலக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே தூங்கியும் போனாள்.

எறும்பு சர்க்கரைச் சொட்டில் வாய் வைத்து, உலகத்தை மறந்து குடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... அறுபது! ஒன்றில்கூட நடுக்கம் இல்லை. வாத்தியார் இரு கைகளையும் கூப்பினார், முதலில் கடவுளுக்கு, அடுத்து எறும்புக்கு.

காலையில் ஆணியில் படம் தொங்கியது. பெரிய கறுத்த முகம், பளபளக்கும் கண், வாயோரம் ஒரு துளி இனிப்பு. மகள் வெகுநேரம் பார்த்தாள்.

"அழலப்பா. சந்தோஷமாத்தான் இருக்கு."

அதன்பின் வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு கீழே போனார். டெய்லரம்மா கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு பழைய பெட்ஷீட் நான்கு மூலையிலும் கட்டியிருந்தது.

"எங்களுக்காக மிஷினை நிறுத்தி வச்சீங்களே. அந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா."

டெய்லரம்மா விழித்தார். "மிஷினா? அது ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாச்சே சார். நீங்க மேஜைல உக்காந்து யோசிக்கும்போது காலாட்டுவீங்கல்ல, அதுலதான் எங்க கூரையெல்லாம் அதிரும். சுண்ணாம்பு உதிர்ந்து துணி பாழாகக் கூடாதேன்னு பெட்ஷீட்டைக் கட்டிக்கிட்டேன்."

வாத்தியார் பெட்ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். "எத்தனை நாளா?"

"நீங்க குடிவந்ததுலேருந்து."

அன்று சாயங்காலம் எல்லோரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, தரையில் மண்டியிட்டு, மேஜையின் நான்கு கால்களுக்கும் தடிமனாகச் செருப்புப் போட்டுக் கட்டினார். எழுந்திருக்கும்போது முட்டி இரண்டும் விண்ணென்று வலித்தன.

அந்த முட்டிகளுக்கு அது வேண்டியதுதான் என்று விட்டுவிட்டார்.