காளிகாட்டில் ஒரு நீர்வண்ண வீடு

நேற்று வரை மாடி விளிம்பில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காணோம். வனஜாவின் படத்தில் மட்டும் பாதி இலைகளோடு நின்றது.

"பிடுங்கிட்டேன் தீதி," என்று அக்கா முறை சொல்லிப் பெருமைப்பட்டார் காவலாளி நிமாய். "நீங்க படம் போடற வீடு அசிங்கமா இருக்கலாமா?"

அந்தக் காளிகாட் சந்தில், எதிர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சின்ன வயசு ஞாபகத்தில் தங்கிய அந்த வீட்டை மூன்று நாளாக வரைந்துகொண்டிருந்தாள் வனஜா. அப்பாவுக்கு இங்கே பேங்க் வேலையாக இருந்தபோது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, பாலிகஞ்சில் இருக்கும் மகளிடம் வந்திருக்கிறாள். அண்ணன் சுந்தரராஜனோ முழங்கால் ஆபரேஷன் ஆகி, கோயம்புத்தூரில் கட்டிலோடு கிடந்தார்.

"அந்தத் தெருவை ஒரு தடவை கண்ணால பார்க்கணும்டி," என்று போனில் சொல்லியிருந்தார்.

போட்டோ எடுத்தால் கேபிள் ஒயரும் ஏசி பெட்டிகளும்தான் விழுந்தன. அதனால்தான் நீர்வண்ணம். வட்டத் தூண்கள், பச்சை மர ஜன்னல்கள், பாசி, அதன்மேல் சாயங்கால வெயில்.

"பழசு பழசாவே இருக்கட்டும்," என்று நிமாயிடம் கெஞ்சினாள்.

'பழசு' என்ற ஒரு சொல் மட்டும் வீட்டுக்காரர் காதுக்குப் போயிற்று. வந்திருப்பவள் பழைய கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி என்று பயந்து, மறுநாளே பாசியைச் சுரண்டி, தூண்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்.

வனஜா பதறிப் போய் அவரைப் பிடித்தாள். "நான் அதிகாரி இல்லை. சின்ன வயசிலே இங்கே வாடகைக்கு இருந்தவள்!"

வீட்டுக்காரர் முகம் வெளிறியது. "பழைய வாடகைக்காரரா?"

உரிமை கொண்டாட வந்துவிட்டாள் என்று நினைத்தவர், கேட்டைப் பூட்டி, வீட்டின் முகப்பையே தார்ப்பாய் கட்டி மறைத்தார்.

வனஜா படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மழையில் பாசி கறுக்கும் விதம், மதியத்தில் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் ஜன்னல்கள், கைப்பிடிச் சுவரில் காயும் சிவப்புக் கரைப் புடவை, எல்லாம் அப்படியே வந்தன. தூரிகை தானாக ஓடியது.

படத்தை அனுப்பிவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டாள். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணா, அழறியா?"

"ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்கியேடி! தெனம் நம்மாத்து ஜன்னல்ல தொத்திண்டு பார்ப்போமே, அதே எதிர்த்த வீடு!"